சான்று எங்கே? – வரலாறு பற்றிய வாசகர் கேள்விகள்

பதில் எழுதுபவர்: கல்லூரியில் வரலாறும் கல்வெட்டியலும் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை

கேள்வி: உத்திரமேரூர் கல்வெட்டுதான் உலகின் முதல் மக்களாட்சி என்று பள்ளியில் படித்தோம். இப்போது கல்லூரியில் ஓர் ஆசிரியர், "அது பிராமணர் சபை, அதில் மக்களும் இல்லை ஆட்சியும் இல்லை" என்கிறார். நான் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது, அம்மா? – இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்

பதில்: தம்பி, இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கல்வெட்டை முழுதாக ஒருமுறை படியுங்கள். பாடம் அச்சில் இருக்கிறது. இரண்டு கல்வெட்டுகளும் சேர்ந்தே சில பக்கங்கள்தான். அதைப் பற்றி மேடையில் பேசியவர்கள் ஏராளம். கடைசி வரிவரை படித்தவர்கள் குறைவு.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பவை இவை. 'மதிரை கொண்ட கோப்பரகேசரிவர்மற்கு யாண்டு' என்று தொடங்கி, ஒன்று 12ஆம் ஆட்சியாண்டிலும் இன்னொன்று 14ஆம் ஆட்சியாண்டிலும் வெட்டப்பட்டவை. வகுப்பில் இந்தத் தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டே நெடுநேரம் பேசுவேன். சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூட்டிக்கொண்டார்கள். வெறும் 'கோப்பரகேசரி' என்று இருந்தால் எந்தப் பரகேசரி என்று தெரியாமல் எழுத்தின் வடிவத்தையும் அதிகாரிகள் பெயர்களையும் பார்த்துத் திண்டாட வேண்டும். இங்கே 'மதிரை கொண்ட' என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. மதுரையை வென்ற பரகேசரி முதலாம் பராந்தகன். அவன் ஆட்சி தொடங்கியது 907இல். அப்படித்தான் 919, 921 என்ற ஆண்டுகளுக்கு வந்து சேர்கிறோம். பாடநூலில் அரை வரியில் வரும் ஓர் ஆண்டுக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது.

இனி உள்ளே போவோம். ஊர் வேலைகளைக் கவனிக்கும் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் இவை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டுக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். சபை முழுவதும், சிறியவரும் பெரியவரும் கூடியிருக்கும்போது, நம்பிமாரில் (கோயில் பூசகர்களில்) வயதில் மூத்தவர் எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் கட்டு ஒன்றை எடுக்க, அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் குலைத்துப் போட்டு, அதிலிருந்து ஓர் ஓலையை அந்தச் சிறுவனே எடுத்துத் தர வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது சபையின் நடுவர், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். வாங்கிய ஓலையை அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். அந்த ஐந்து விரல் விதியைக் கவனியுங்கள். விரலிடுக்கில் ஓலையை மறைத்து மாற்றிய கையை ஏற்கெனவே பார்த்த ஊர்தான் இப்படி ஒரு விதியை எழுதும். 'துஷ்டர் கெட்டு விசிஷ்டர் வர்த்திப்பதாக', அதாவது கெட்டவர் ஒழிந்து நல்லவர் வளர, இந்த ஏற்பாடு என்று கல்வெட்டும் காரணம் சொல்கிறது.

யாருக்குத் தகுதி? கால் வேலிக்கு (வேலி என்பது ஒரு நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, மந்திர பிராமணம் என்னும் வேதப் பகுதிகளை ஓதிய கல்வி. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 வரை என்று மாறுகிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் வரக்கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவர் வரக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. அரசன் ஆணையோடு வந்த அதிகாரி ஒருவர் உடன் இருக்கச் சபை இதை முடிவு செய்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். உங்கள் கல்லூரி ஆசிரியர் சொல்வதில் உண்மை உண்டு: அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட ஊர். பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் உழுதவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. 'உலகின் முதல்' என்பதும் நிற்காது. ஏதென்ஸ் நகரில் பொ.ஆ.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே பதவிகளுக்குக் குலுக்கல் நடந்திருக்கிறது. அதே நேரம், ஒரு நிலவுடைமைக் குழு தனக்குள்ளே அதிகாரம் ஒரே கையில் தேங்காமல் இருக்கவும், பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கவும் இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருப்பதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கவும் முடியாது. தேர்வில் இதை எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தாலும் எழுதுங்கள்.

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைக் குறை சொல்கிறார்கள். எதிர்காலம் இருக்கிறதா? – ஒரு தாய்

பதில்: இருக்கிறது, அம்மா. ஆனால் வழி நேராக இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு முதுகலையும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் அல்லது முனைவர் பட்டமும் வேண்டும். அதற்குப் பிறகும் நிரந்தரப் பணிக்குக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் நிறையப் பேர். தொல்லியல் துறை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், பள்ளி ஆசிரியர் பணி, குடிமைப்பணித் தேர்வுகள், பத்திரிகை என்று பக்கவழிகள் உண்டு. கல்வெட்டில் ஆர்வம் வந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே துறை இருக்கிறது. இளங்கலையிலேயே பழைய எழுத்துகளைப் படிக்கவும் ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் வாசிக்கவும் அவள் பழகிவிட்டால், கூடப் படிப்பவர்களைவிட வெகுதூரம் முன்னால் இருப்பாள். சொந்தக்காரர்கள் நாளைக்கு வேறு ஒன்றைப் பேசுவார்கள். படிக்கட்டும்.

கேள்வி: "நான் இந்தியாவின் நீள அகலம் முழுவதும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையும் ஒரு திருடனையும் பார்க்கவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பான பண்பாட்டை முறித்தால்தான் இதை வெல்ல முடியும்" என்று மெக்காலே 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. உண்மையா? பொய் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? – வங்கி ஊழியர்

பதில்: பொய். கண்டுபிடிக்கும் முறையைக் கேட்டீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில் தேதியைப் பிடியுங்கள். அந்தத் தேதியில் ஆள் எங்கே இருந்தார்? மெக்காலே 1834 ஜூன் மாதம் சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினர் பதவி. 1835 பிப்ரவரி 2 அன்று அவர் கல்கத்தாவில் இருந்தார். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கப்பல் லண்டன் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும். கல்கத்தாவில் உட்கார்ந்திருந்தவர் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசியிருக்க வழியே இல்லை.

அடுத்து, பேசியதாகச் சொல்லும் இடத்துக்கு ஏட்டுப் பதிவு உண்டா என்று பாருங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்கள் அச்சில் இருக்கின்றன, இப்போது இணையத்திலும் தேடலாம். அவர் இந்தியாவைப் பற்றி 1833 ஜூலையில் அங்கே ஆற்றிய நீண்ட உரை அகப்படும். இந்த வாசகம் அகப்படாது.

மூன்றாவதாக, சொன்னதாகக் கூறும் செய்தி அந்தக் காலத்தோடு பொருந்துகிறதா? 'வெல்ல முடியாது' என்று 1835இல் ஒருவர் ஏன் கவலைப்பட வேண்டும்? 1799இல் திப்பு வீழ்ந்தார். 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கம்பெனி கைக்குப் போனது. 1818இல் பேஷ்வா ஆட்சி முடிந்தது. நாட்டின் பெரும்பகுதி ஏற்கெனவே அவர்கள் பிடியில்.

பிறகு ஏன் இந்தக் குறிப்பிட்ட தேதி? அந்தத் தேதியில் மெக்காலே எழுதிய ஆவணம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது: கல்வி பற்றிய அவருடைய குறிப்பு. பொய்க்கு ஓர் உண்மையான தேதியை மாட்டிவிட்டால் தேடிப் பார்ப்பவருக்கும் பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்தக் குறிப்பை எடுத்துப் படியுங்கள். நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அடுக்கு இந்திய, அரபு இலக்கியம் மொத்தத்துக்கும் ஈடாகும் என்கிறார் அதில். சமஸ்கிருதமோ அரபியோ தமக்குத் தெரியாது என்றும் அவரே அதில் எழுதியிருக்கிறார். போலி வாசகத்தில் அவர் நம்மைப் புகழ்கிறார். அசலில் நம்மை மட்டமாகப் பேசுகிறார். அசலை எடுத்து வைத்து வாதாடினால் மெக்காலேயின் பக்கம் பேச ஒருவராலும் முடியாது. போலியை எடுத்து வைத்தால் அது பொய் என்று காட்டிவிட்டு, நம் நியாயமான குறையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். எனக்கு இதில் கோபம் வருவது அதனால்தான்.

கேள்வி: எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் கோப்பு பார்க்கிறேன். என் தலைப்பு 19ஆம் நூற்றாண்டில் ஏரிப் பாசனத் தகராறுகள். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. நெறியாளர், "கிடைத்ததை வைத்து எழுதி முடி" என்கிறார். மனம் சோர்ந்துவிட்டது. – முனைவர் பட்ட ஆய்வாளர்

பதில்: சோராதீர்கள், மகளே. உங்கள் தலைப்புக்குப் பொருள் இருக்கிறது. அது நீங்கள் தேடும் பெயரில் இல்லை என்று நினைக்கிறேன்.

அட்டவணைத் தொகுதியில் 'ஏரித் தகராறு' என்று யாரும் தலைப்புப் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். அரசாங்கம் எந்தத் துறையின் கண்ணால் பார்த்ததோ அந்தத் துறையில்தான் காகிதம் கிடக்கும். தண்ணீர் வராமல் பயிர் கருகினால் அது வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளில் நிலவரித் தள்ளுபடி கேட்கும் மனுவாக வரும். கரை உடைந்தால் பொதுப்பணித் துறை. மதகடியில் அடிதடி நடந்தால் நீதித் துறைக் கோப்பு, ஏனென்றால் போலீஸ் விவகாரமெல்லாம் அதில்தான். ஒரே ஏரியின் ஒரே சண்டை மூன்று இடத்தில் மூன்று முகத்தோடு இருக்கும். மாவட்டப் பெயர்களையும் அவர்கள் எழுதிய படியே தேடுங்கள்: டின்னவேலி, டிரிச்சினாபொலி, டாஞ்சூர், சிங்கிள்புட். ஊர்ப்பெயரை ஆங்கிலேய எழுத்தர் எந்தெந்த விதமாகக் காதில் வாங்கியிருப்பார் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அத்தனை எழுத்துக்கூட்டலிலும் பாருங்கள்.

அரசாணை (ஜி.ஓ.) கையில் வந்ததும் எல்லோரும் ஆணைப் பகுதியை மட்டும் குறித்துக்கொண்டு கட்டை மூடிவிடுகிறார்கள். ஆணை பெரும்பாலும் சில வரி: 'மனுதாரருக்கு ஆட்சியரிடம் போகச் சொல்லவும்', 'தலையிடக் காரணம் இல்லை'. உங்களுக்கு வேண்டியது அதற்கு முன்னால் தைத்திருக்கும் இணைப்புகள். தாசில்தார் அறிக்கை, அதற்கு உதவி ஆட்சியரின் குறிப்பு, அதற்கும் அடியில் ஊர்க்காரர்கள் போட்ட மனுவின் மொழிபெயர்ப்பு. மனுவில் யார் யார் கையெழுத்து, யார் கைநாட்டு, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். மேல்மடைக்காரர்கள் ஒரு மனு போட்டால் கீழ்மடைக்காரர்கள் இன்னொன்று போட்டிருப்பார்கள். அடுத்த மாதத் தொகுதியையும் புரட்டுங்கள்.

சுதேசப் பத்திரிகைகள் பற்றி அரசு மொழிபெயர்ப்பாளர் தயாரித்த அறிக்கைகளையும் விடாதீர்கள். பல தமிழ்ப் பத்திரிகைகளின் இதழ்கள் அழிந்துபோய், அவற்றில் வந்த செய்தி இந்த ஆங்கிலச் சுருக்கத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அரசாங்கம் எதற்குப் பயந்ததோ அதைத்தான் மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொடுத்தார். அவற்றை மட்டும் படித்தால் அன்றைய பத்திரிகைக்காரர்கள் மூச்சுவிடாமல் அரசைத் திட்டிக்கொண்டே இருந்ததாகத் தோன்றும்.

குறிப்பெடுக்கும்போது தாளின் தலையில் துறை, எண், தேதி மூன்றையும் எழுதிய பிறகே உள்ளடக்கத்தை எழுதுங்கள். அருமையான மேற்கோள் கையில் இருந்து எண் இல்லாமல் போனால், ஆய்வேட்டில் அதைப் பயன்படுத்த முடியாது. 'ஒன்றும் இல்லை' என்று திருப்பிக் கொடுத்த கட்டுகளின் எண்ணையும் எழுதி வையுங்கள். எந்தெந்த ஆண்டுகளில் மனுவே இல்லை என்பதும் பின்னால் ஒரு கேள்வியாக எழும்பும். நெறியாளரிடம் வெறுங்கையோடு போகாமல், ஒரே ஓர் ஏரியை எடுத்துக்கொண்டு மூன்று துறையிலும் கிடைத்ததை வரிசையாக அடுக்கி எழுதிக் காட்டுங்கள். அவர் மனம் மாற வாய்ப்பு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டு வரை காலம் இருக்கிறது. அவசரத்தில் மூட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போட்டுத்தருவதாக இதழ்கள் மின்னஞ்சல் அனுப்புகின்றன. நண்பர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒப்புமை சோதனை மென்பொருளில் 10 சதவீதத்துக்குள் வந்தால் பிரச்சினை இல்லையாமே? – பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: கட்டுரை கட்டாயம் என்ற விதியை மானியக் குழு 2022இலேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக அந்த நிபந்தனையை வைத்திருக்கலாம். அதன் விதிநூலை வாங்கி நீங்களே படியுங்கள், நண்பர்கள் வாய்மொழியை நம்பாதீர்கள். ஒரு வாரத்தில் வெளியிடும் இதழில் யாரும் உங்கள் கட்டுரையைப் படிப்பதில்லை. படிக்கப்படாத கட்டுரைக்குப் பணம் எதற்கு? அந்தப் பணத்தில் ஒரு களப்பயணம் போய் வாருங்கள்.

10 சதவீதக் கணக்கு மானியக் குழுவின் 2018 விதியில் வருவது. அதற்குள் இருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஆனால் எண் குறைவாக வந்ததாலேயே திருட்டு இல்லை என்றாகாது. ஆங்கில நூல் ஒன்றின் பத்தியை அப்படியே தமிழாக்கி அடிக்குறிப்பு இல்லாமல் வைத்தால் மென்பொருள் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. இன்னொருவர் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் படித்த வாசகத்தை, நீங்களே கல்லைப் பார்த்தது போல எழுதினாலும் கண்டுபிடிக்காது. வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் கண்டுபிடிப்போம். எந்த வரியில் மாணவருடைய நடை திடீரென்று மாறுகிறது என்பது பல ஆய்வேடுகள் படித்தவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: களப்பிரர் காலத்தை 'இருண்ட காலம்' என்று இன்னும் எழுதலாமா? – பள்ளி ஆசிரியர்

பதில்: எழுத வேண்டாம், ஐயா. அந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்று மட்டும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். களப்பிரரைப் பற்றி நம்மிடம் உள்ள முக்கியமான சான்று 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் செப்பேடான வேள்விக்குடிச் சாசனம். பழைய பாண்டிய மன்னன் முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊரைக் 'களப்ரன் என்னும் கலியரசன்' பறித்துக்கொண்டான், அதைத் திருப்பித் தர வேண்டும் என்று கொற்கை கிழான் நற்சிங்கன் என்பவர் பாண்டியனிடம் முறையிடுகிறார். பழைய உரிமைக்குச் சான்று காட்டு என்கிறான் அரசன். காட்டியதும் ஊர் திரும்பக் கிடைக்கிறது. ஆக இது ஒரு நில வழக்கில் வென்றவருடைய ஆவணம். தோற்ற தரப்பு நம்மிடம் பேசவே இல்லை. இன்னொரு பக்கம், அந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று அறிஞர் பலர் கருதும் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு தேவகுலங்களையும் (கோயில்களையும்) பிரம்மதாயத்தையும் (பிராமணர்களுக்குத் தந்த நிலத்தையும்) குறிப்பிடுகிறது. அந்த அரசன் களப்பிரனா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டையும் பலகையில் எழுதிப் போட்டு, யார் எழுதியது, யாருக்கு லாபம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள்.

கேள்வி: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? – பலர்

பதில்: காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டில், ராஜராஜனின் அண்ணனான ஆதித்த கரிகாலனைக் கொன்று 'துரோகிகளான' என்ற அடைமொழியோடு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் பெயர்கள் இருக்கின்றன. கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவர்கள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் நிலம் பறிமுதலானது பற்றியது. எதற்காகக் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்பது அதில் இல்லை. கொலைக்கும் இந்த ஆணைக்கும் இடையில் உத்தம சோழன் ஆட்சி இருந்ததால் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அவர் மீது ஐயப்பட்டார், தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவரும் படித்தது இதே வரிகளைத்தான். நாவலில் வரும் விடை உங்களுக்குப் பிடித்திருந்தால் நாவலாகவே அனுபவியுங்கள். பெயர்கள் உண்டு, நோக்கம் இல்லை என்ற அளவோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 74 வயது. எங்கள் குடும்பம், ஊர் இரண்டின் வரலாற்றையும் பேரப்பிள்ளைகளுக்காக எழுத ஆசை. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. எங்கே தொடங்குவது? – ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்

பதில்: ஐயா, நீங்கள் படித்த படிப்பு பல பேராசிரியர்களுக்கு இல்லாதது. அடங்கலும் 'ஏ' பதிவேடும் புல எண்ணும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் மாணவர்களுக்கு ஒரு பட்டாவைப் படிக்கக் கற்றுக்கொடுக்கவே ஒரு பருவம் போய்விடும்.

பெட்டியில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், கிஸ்து ரசீது, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு எல்லாம் வேண்டும். மொய் நோட்டை யாரும் மதிப்பதில்லை. எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், எவ்வளவு எழுதினார்கள் என்பதில் ஒரு குடும்பத்தின் உறவு வட்டம் முழுவதும் இருக்கிறது. உங்கள் ஊரில் இனாம் நிலம் இருந்திருந்தால் 1860களில் இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளில் யார் கையில், எந்த ஊழியத்துக்காக, எத்தனை தலைமுறையாக என்று எழுதியிருக்கும். கோயிலில் எழுத்துள்ள கல் இருந்தால் சுண்ணாம்பும் பெயின்டும் அடிக்க விடாதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில், காலையிலோ மாலையிலோ, படம் எடுத்து வையுங்கள். நடுப்பகலில் எழுத்தின் பள்ளம் தெரியாது.

பிறகு உங்களைவிட மூத்தவர்களிடம் போங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. பேசுபவரின் பெயர், வயது, பேசிய தேதி, அவர் தாமே கண்டதா இன்னொருவர் சொல்லிக் கேட்டதா என்பதை ஒவ்வொரு முறையும் தலையில் எழுதுங்கள். ஆண்களை மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்க விடப்படவில்லை என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் நினைவிருக்கும். ஊரின் எல்லாத் தெருவுக்கும் போங்கள். காலனிப் பகுதியில் இருப்பவர்களைக் கேட்காமல் எழுதும் ஊர் வரலாறு பாதி வரலாறு.

ஆண்டு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். "தாது வருசப் பஞ்சத்துக்கு முந்தி எங்க பாட்டனார் இங்க வந்தார்" என்று சொல்வார்கள். பஞ்சம் வந்த தாது 1876-77. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அதே பெயர் 1936-37இலும் 1996-97இலும் திரும்ப வருகிறது. தாது என்று மட்டும் சொன்னால் எந்தத் தாது என்று தெரியாது. பஞ்சமும் சேர்ந்து வந்தால் பிடித்துவிடலாம். பாட்டனார் யாருடைய மகன், வந்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா, மூத்த பிள்ளை எங்கே பிறந்தது என்று பக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். தலைமுறைக்கு இருபத்தைந்து முப்பது ஆண்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒத்துவருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் அவர் சொன்னதை அடிக்காமல் அப்படியே விட்டு, பக்கத்தில் உங்கள் ஐயத்தை எழுதுங்கள்.

'ராஜா காலத்தில் எங்களுக்குப் பட்டயம் கொடுத்தார்கள்' என்ற பேச்சு ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் வரும். பட்டயம் கையில் இருந்தால் அதைத் துலக்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம்; இரண்டு பக்கமும் படம் எடுத்து, மாவட்டத்திலுள்ள அரசுத் தொல்லியல் அலுவலகத்திலோ பல்கலைக்கழகக் கல்வெட்டுத் துறையிலோ காட்டுங்கள். எழுதி முடித்ததும் ஒரு படியை ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மூல ஆவணங்கள் எந்த வீட்டில், யாரிடம் இருக்கின்றன என்ற பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்து, அன்றைய தேதியையும் போட்டு வையுங்கள்.